வேகமாகப் பறந்து திசைமாறும் கலங்களை ரேடார் எப்படித் தொடர்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொறியியல் கல்லூரியில் தகவல் தொடர்பியல் பாடம் நடத்தும் எனக்கு, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவுகலம் புறப்படும் ஒவ்வொரு முறையும் ஒரே வகையான ஐயங்கள் வந்து சேர்கின்றன. நேரலைத் திரையில் திட்டமிட்ட பாதைக் கோட்டை ஒட்டியே உண்மைப் பாதையின் கோடும் வளர்ந்து செல்வதைப் பார்த்தவர்கள், அந்த இரண்டாவது கோடு எங்கிருந்து வருகிறது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். மாணவர்கள், பெற்றோர், பள்ளி ஆசிரியர்கள் ஆகியோர் கேட்டவற்றை அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலிலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன.

ரேடார் என்பது ஒருவகைக் கேமராதானே? அது ராக்கெட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கிறதா?

கேமராவோடு ஒப்பிடுவதிலிருந்துதான் பல குழப்பங்கள் தொடங்குகின்றன. ரேடார் ஒரு குறுகிய ரேடியோத் துடிப்பை அனுப்பி, அது கலத்தில் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கேட்கிறது. போய்வர ஆன நேரத்திலிருந்து தொலைவு கிடைக்கிறது. அலை ஒளியின் வேகத்தில் செல்வதால் ஒரு மைக்ரோவினாடித் தாமதம் 150 மீட்டர் தொலைவைக் குறிக்கும். எதிரொலி வந்த திசையிலிருந்து கிடைமட்டக் கோணமும் ஏற்றக் கோணமும் கிடைக்கின்றன. கலம் நகர்வதால் எதிரொலியின் அதிர்வெண் மாறும் அளவான டாப்ளர் விலகலிலிருந்து, கலம் நம்மை நெருங்கும் அல்லது விட்டு விலகும் வேகம் தெரிகிறது. ஆக, ஒரு முறை அளந்தால் கிடைப்பவை நான்கு எண்கள். படம் எதுவும் இல்லை.

இந்த நான்கிலும் பிழை உண்டு. அடுத்த எதிரொலி வரும்வரை ரேடாருக்குப் புதிதாக எதுவும் தெரியாது. திரையில் அறுபடாமல் ஓடும் கோடு, சிதறிக் கிடக்கும் இந்த அளவீடுகளைக் கொண்டு கணினி கட்டித் தருவது. கலம் அடுத்து எங்கே இருக்கும் என்று முதலில் கணிப்பது, அளவீடு வந்ததும் அந்தக் கணிப்பைத் திருத்துவது என்ற இரண்டு படிகளின் இடைவிடாத சுழற்சிதான் தடமறிதல். கீழே வரும் கேள்விகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு படிகளில்தான் வந்து நிற்கும்.

எதிரொலி திரும்பி வருவதற்குள் ராக்கெட் வேறு இடத்துக்குப் போய்விடாதா?

போய்விடும், ஆனால் நாம் அஞ்சும் அளவுக்கு அல்ல. 300 கிலோமீட்டர் தொலைவில் வினாடிக்கு 2 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஏவுகலத்தை எடுத்துக்கொள்வோம். அலை கலத்தில் பட்ட பின் நம்மிடம் வந்து சேர ஒரு மில்லிவினாடி ஆகிறது. அதற்குள் கலம் 2 மீட்டர் நகர்ந்திருக்கும். அளவீடு எந்தக் கணத்துக்கு உரியது என்பதைக் கணினி நேரமுத்திரையுடன் குறித்துக்கொள்வதால் இந்த நகர்வும் கணக்கில் வந்துவிடுகிறது.

திரைப்படங்களில் சுற்றிக்கொண்டே இருக்கும் ரேடாரைக் காட்டுகிறார்களே, அது போதாதா?

விமான நிலையங்களில் சுழலும் கண்காணிப்பு ரேடார் ஒரு சுற்றை முடிக்க ஏறக்குறைய 4 முதல் 5 வினாடிகள் ஆகும். பயணிகள் விமானம் அந்த இடைவெளியில் பெரிதாக எதையும் செய்துவிடாது. ஆனால் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் மூன்று மடங்கு, அதாவது வினாடிக்கு வினாடி சுமார் 30 மீட்டர் முடுக்கத்துடன் திரும்பும் கலம், நேர்கோட்டுக் கணிப்பிலிருந்து ஒரு வினாடியில் 15 மீட்டரும், இரண்டு வினாடிகளில் 60 மீட்டரும், ஐந்து வினாடிகளில் 375 மீட்டரும் விலகிவிடும். விலகல் காலத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வதால், தாமதத்துக்கு நாம் கொடுக்கும் விலை மிக விரைவாக ஏறுகிறது. ஆகவே ஏவுதளங்களில், ஒரே கலத்தை விடாமல் நோக்கி வினாடிக்குப் பல நூறு துடிப்புகள் அனுப்பும் தடமறி ரேடார்கள் தனியாக வைக்கப்படுகின்றன.

வேகம்தான் பிரச்சினையா, திருப்பம்தான் பிரச்சினையா?

பலர் வேகம் என்றே நினைக்கிறார்கள். மேலே சொன்ன விலகல் கணக்கில் வேகமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். அங்கே இருப்பவை முடுக்கமும் காலமும் மட்டுமே. சீரான வேகத்தில் நேராகச் செல்லும் கலம் எவ்வளவு விரைந்தாலும் அதன் அடுத்த இடத்தைச் சொல்வது எளிது. வினாடிக்கு 1,500 மீட்டர், அதாவது ஒலியைப் போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு வேகத்தில் செல்லும் கலம் அதே மூன்று மடங்கு முடுக்கத்துடன் திரும்பினால் அதன் திருப்ப வட்டத்தின் ஆரம் 75 கிலோமீட்டர். வினாடிக்கு 250 மீட்டரில் செல்லும் விமானத்துக்கு அது 2 கிலோமீட்டர்தான். வரைபடத்தில் முன்னது நேர்கோடு போலவும் பின்னது கொண்டை ஊசி வளைவு போலவும் தோன்றும். ஆனாலும் ஒரு வினாடியில் இரண்டும் கணிப்பிலிருந்து விலகுவது ஒரே 15 மீட்டர்தான்.

வேகம் வேறு வழிகளில் தொல்லை தருகிறது. கலம் ரேடாரின் பார்வை எல்லையை விரைவில் கடந்துவிடுகிறது, டாப்ளர் விலகல் பெரிதாகிறது, அருகில் கடக்கும்போது ஆன்டெனா மிக வேகமாகத் திரும்ப வேண்டியிருக்கிறது. அவற்றைப் பின்னால் பார்ப்போம்.

ஆன்டெனா தானாகவே ராக்கெட்டின் பக்கம் திரும்புகிறதே, எப்படி?

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், கற்றையைச் சிறு கூம்பு வடிவில் சுழற்றி, எதிரொலி எந்தப் பக்கம் வலுக்கிறது என்று பார்த்து ஆன்டெனாவைத் திருப்பினார்கள். ஒரு சுழற்சி முடிவதற்குள் எதிரொலியின் வலிமை வேறு காரணங்களால் ஏறி இறங்கினால் அந்த முறை ஏமாந்துவிடும். அதன் பிறகு வந்த மோனோபல்ஸ் முறை ஒரே துடிப்பில் வேலையை முடிக்கிறது. சற்றே விலகி நோக்கும் நான்கு கற்றைகளில் எதிரொலியை ஒரே நேரத்தில் பெற்று, அவற்றின் கூட்டலையும் வேறுபாட்டையும் ஒப்பிடுகிறது. வேறுபாடு சுழி என்றால் கலம் மையத்தில் இருக்கிறது. இல்லையென்றால் எந்தப் பக்கம், எவ்வளவு விலகியிருக்கிறது என்பது உடனே தெரிந்துவிடும். வலிமை எப்படி ஏறி இறங்கினாலும் நான்கு கற்றைகளிலும் ஒன்றாகவே ஏறி இறங்குவதால் ஒப்பீடு கெடுவதில்லை.

1950-களில் அமெரிக்காவில் உருவான ஏ.என்./எஃப்.பி.எஸ்-16 என்ற ரேடார் (சி-பேண்ட் எனப்படும் அதிர்வெண் பட்டையில் இயங்குவது) இம்முறையை ஏவுதளங்களுக்குக் கொண்டுவந்தது. மெர்க்குரி விண்கலங்களின் பயணங்களையும் அது பின்தொடர்ந்தது. அதன் கற்றை ஒரு பாகையைவிடச் சற்றே அகலமானது. மோனோபல்ஸ் ஒப்பீட்டால் அந்தக் கற்றையின் அகலத்தில் மிகச் சிறிய பங்கு வரை கோணத்தை அளக்க முடிந்தது.

எவ்வளவு துல்லியமாகத் தெரியும்? ஒரு மீட்டரா, ஒரு கிலோமீட்டரா?

திசையைப் பொறுத்தது. நல்ல தடமறி ரேடார் தொலைவைச் சில மீட்டர் பிழையுடன் சொல்லிவிடும். கலம் தள்ளிப் போனாலும் எதிரொலி வலுவாக இருக்கும்வரை அந்தப் பிழை பெரிதாக மாறாது. கோணப் பிழை அப்படியல்ல. ஒரு ரேடியனில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்ற மிகச் சிறிய கோணப் பிழைகூட 500 கிலோமீட்டர் தொலைவில் 50 மீட்டராக விரிந்துவிடுகிறது.

எனவே "கலம் இதற்குள் எங்கோ இருக்கிறது" என்று ரேடார் சொல்லும் பகுதி உருண்டையாக இருப்பதில்லை. நம்மை நோக்கி நிறுத்திவைத்த அப்பளம் போலத் தட்டையாக இருக்கிறது. தடிமன் சில மீட்டர், அகலம் நூறு மீட்டர் அளவில். வேறொரு திசையிலிருந்து இன்னொரு ரேடாரும் பார்த்தால், இரண்டு அப்பளங்களும் ஒன்றையொன்று வெட்டும் இடம் மட்டுமே எஞ்சும். விலகி நிற்கும் இரண்டு ரேடார்கள், அருகருகே நிற்கும் நான்கைவிடப் பயன் தருவது இதனால்தான்.

இடம் தெரிந்தால் வேகமும் தெரிந்துவிடுமே? இரண்டு இடங்களின் வேறுபாட்டைக் காலத்தால் வகுத்தால் போதாதா?

போட்டுப் பார்த்தால் விடை அதிர்ச்சி தரும். பத்தில் ஒரு வினாடி இடைவெளியில் இரண்டு அளவீடுகள், ஒவ்வொன்றிலும் குறுக்குவாட்டில் 50 மீட்டர் பிழை என்று கொள்வோம். வேறுபாட்டின் பிழை சுமார் 71 மீட்டர், அதை 0.1 வினாடியால் வகுத்தால் வேகத்தில் வினாடிக்கு 700 மீட்டருக்கும் மேல் பிழை வந்து நிற்கும். ஒலியின் வேகத்தைப் போல் இரண்டு மடங்கு பிழையுள்ள வேக மதிப்பை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது.

டாப்ளர் அளவீடு வேகத்தை மிகத் துல்லியமாகத் தரும் என்பது உண்மைதான். ஆனால் அது நம்மை நோக்கிய திசையில் உள்ள கூறு மட்டுமே. நமக்குக் குறுக்காகக் கடக்கும் கலம் எவ்வளவு விரைந்தாலும் அதன் டாப்ளர் விலகல் சுழிக்கு அருகில் இருக்கும். குறுக்கு வேகத்தைப் பல வினாடி அளவீடுகளிலிருந்து சேர்த்துத்தான் எடுக்க வேண்டும். அந்தச் சேர்க்கையைச் செய்வதே அடுத்த கேள்வியில் வரும் வடிகட்டி.

கால்மன் ஃபில்டர் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சூத்திரம் இல்லாமல் விளக்க முடியுமா?

ஒரே செய்தியை இரண்டு பேர் உங்களிடம் சற்று வேறுபடுத்திச் சொல்கிறார்கள். இருவரும் பொய்யர்கள் அல்லர், ஆனால் ஒருவர் சொல்லில் துல்லியம் அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அவர் பக்கம் சற்றுக் கூடுதலாகச் சாய்ந்து ஓர் இடைப்பட்ட முடிவுக்கு வருவீர்கள். வடிகட்டியும் அதையே செய்கிறது. ஒருவர் கணிப்பு, மற்றவர் அளவீடு. கணிப்பில் 30 மீட்டர் பிழையும் அளவீட்டில் 50 மீட்டர் பிழையும் இருக்கலாம் என்றால், வர்க்கங்கள் 900, 2,500. இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டில் 900-ஐ 3,400-ஆல் வகுத்த அளவு, அதாவது கால்பங்கைவிடச் சற்றே அதிகம், அளவீட்டின் பக்கம் நகர வேண்டும். அப்படி நகர்ந்தபின் எஞ்சும் பிழை சுமார் 26 மீட்டர். இருவரில் நல்லவரைவிடவும் இது துல்லியமானது என்பதில்தான் இம்முறையின் அழகு இருக்கிறது.

புடாபெஸ்டில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ருடால்ஃப் கால்மன் 1960-இல் இதை வெளியிட்டார். நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் இருந்த ஸ்டான்லி ஷ்மிட், நேர்கோட்டுத் தொடர்பு இல்லாத சிக்கல்களுக்கும் பொருந்துமாறு இதை விரித்து அப்போலோ பயண வழிகாட்டலுக்குக் கொண்டுசென்றார். ரேடார் அளப்பது தொலைவையும் கோணங்களையும். கலத்தின் இயக்கமோ முப்பரிமாண வெளியில் நிகழ்கிறது. இரண்டுக்கும் உள்ள தொடர்பு வளைந்தது என்பதால் தடமறிதலுக்கும் அந்த விரிவாக்கமே அடிப்படையானது.

நேராகப் போகும்வரை சரி. திடீரென்று திரும்பினால் என்ன ஆகும்?

இந்தப் பக்கத்தின் மையக் கேள்வி இதுதான். கலம் நெடுநேரம் நேராகச் சென்றால் வடிகட்டியின் கணிப்பு மேலும் மேலும் கூர்மையாகிறது. அளவீடுகளுக்கு அது தரும் மதிப்பு குறைந்துகொண்டே வருகிறது. அந்த நிலையில் கலம் திரும்பத் தொடங்கினால், அளவீடுகள் ஒரே பக்கமாக விலகுவதை வடிகட்டி வெறும் இரைச்சல் என்று ஒதுக்கிவிடும். அதைவிட மோசமான ஒன்றும் நடக்கும். கணிக்கப்பட்ட இடத்தைச் சுற்றி ஓர் ஏற்பு எல்லை போட்டு, அதற்கு வெளியே விழும் எதிரொலிகளைப் பிற பொருள்களுடையவை என்று தள்ளிவிடுவது வழக்கம். மிகை நம்பிக்கை கொண்ட வடிகட்டியின் எல்லை சிறியது. உண்மையான எதிரொலியே அதற்கு வெளியே விழுந்துவிட்டால், கலம் எதிரே இருக்கும்போதே ரேடார் அதைத் தொலைத்துவிடும். திருப்பத்தில் தடம் அறுவதற்குச் சமிக்ஞை வலுக் குறைவதைவிட இந்த மிகை நம்பிக்கையே பெரும்பாலும் காரணம் என்பது என் கருத்து.

மருந்து என்ன? கணிப்புக்கும் அளவீட்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும். கலம் நேராகச் சென்றால் அந்த வேறுபாடு இருபுறமும் மாறிமாறி விழும். திரும்பினால் ஒரே பக்கமாகக் குவியும். குவியத் தொடங்கியதும் "என் கணிப்பை நம்பாதே" என்று வடிகட்டியே தனக்குச் சொல்லிக்கொள்ளுமாறு கணிப்பின் பிழையைப் பெரிதாக்க வேண்டும். முன் கேள்வியின் எண்களில் 30 மீட்டரை 100 மீட்டராக உயர்த்தினால், வேறுபாட்டில் ஐந்தில் நான்கு பங்கு அளவீட்டின் பக்கம் நகரும். கலத்தைப் பிடித்துவிடலாம். ஆனால் எஞ்சும் பிழை 26 மீட்டரிலிருந்து 45 மீட்டராகிவிடும். எப்போதும் விழிப்பாக இருக்கும் வடிகட்டி எப்போதும் நடுங்கிக்கொண்டே இருக்கும். அமைதியான வடிகட்டி திருப்பத்தில் பின்தங்கும். இந்தப் பேரத்திலிருந்து யாரும் தப்ப முடியாது.

1970-இல் ராபர்ட் சிங்கர் முன்வைத்த மாதிரி இதில் முக்கியமான படி. ஒரு கணத்தில் திரும்பிக்கொண்டிருக்கும் கலம் அடுத்த கணத்திலும் ஏறக்குறைய அதே அளவில் திரும்பிக்கொண்டிருக்கும் என்ற எளிய உண்மையை அவர் கணக்கில் சேர்த்தார். முடுக்கம் கணத்துக்குக் கணம் தொடர்பில்லாமல் மாறுவதில்லை. அதற்கும் சிறிது காலம் நீடிக்கும் நினைவு உண்டு.

ஒன்றுக்கு மேற்பட்ட மாதிரிகளை ஒரே நேரத்தில் ஓட்டுவார்களாமே?

ஆம். ஹென்க் பிளோம், யாக்கோவ் பார்-ஷாலோம் இருவரும் 1988-இல் விவரித்த ஊடாடும் பன்மாதிரி முறை இன்று பரவலாகப் பயன்படுகிறது. "நேராகச் செல்கிறது", "வட்டமாகத் திரும்புகிறது", "முடுக்கத்துடன் ஏறுகிறது" என்று இரண்டு மூன்று வடிகட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. ஒவ்வொரு அளவீடு வந்ததும், யாருடைய கணிப்பு அதற்கு நெருக்கமாக இருந்ததோ அவருடைய சொல்லுக்கு மதிப்பு ஏறுகிறது. அடுத்த சுற்று தொடங்குமுன் எல்லா வடிகட்டிகளின் மதிப்பீடுகளும் அவரவர் மதிப்புக்கேற்பக் கலக்கப்படுகின்றன. எனவே பின்னால் இருந்த மாதிரிக்கும் நிலைமை தெரிந்திருக்கும். திருப்பம் வந்தால் அது வெறுங்கையுடன் தொடங்க வேண்டியதில்லை.

மாதிரிகளைக் கூட்டிக்கொண்டே போனால் நல்லது என்று மாணவர்கள் நினைப்பதுண்டு. அது தவறு. ஒன்றுக்கொன்று நெருக்கமான மாதிரிகள் மதிப்பைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டு, சரியான ஒன்று தலைதூக்குவதைத் தாமதப்படுத்திவிடும்.

ராக்கெட்டின் பாதை முன்கூட்டியே தெரிந்ததுதானே? அதைக் கணிப்பில் சேர்த்துவிட்டால் வேலை முடிந்ததே?

திட்டமிட்ட பாதை, ஆன்டெனாவை முதலில் எங்கே நோக்கி வைப்பது என்பதற்கு உதவும். பி.எஸ்.எல்.வி. துருவப் பாதைக்குச் செல்லும்போது நேராகத் தெற்கே போனால் இலங்கையின் மேல் பறக்க வேண்டியிருக்கும் என்பதால், முதலில் தென்கிழக்கே சென்று பிறகு தெற்கே திரும்புகிறது. எப்போது திரும்பும் என்பது வினாடி சுத்தமாகத் தெரியும். (தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்ட புதிய ஏவுதளத்திலிருந்து கிளம்பும் சிறிய ஏவுகலங்களுக்கு இந்த வளைவு தேவைப்படாது.)

ஆனால் பாதுகாப்புக்காகத் தடமறியும் கணினி, கலம் திட்டப்படி நடக்கும் என்று நம்பவே கூடாது. திட்டம் தவறும் கணத்தைக் கண்டுபிடிக்கத்தான் அது அங்கே இருக்கிறது. 2010 டிசம்பர் 25 அன்று ஜி.எஸ்.எல்.வி.-எஃப்06 புறப்பட்ட சிறிது நேரத்தில் கட்டுப்பாடு இழந்து, 53.8-ஆம் வினாடியில் உடையத் தொடங்கியது. 64-ஆம் வினாடியில் தரையிலிருந்து அழிப்புக் கட்டளை அனுப்பப்பட்டது. அத்தகைய முடிவுக்கு அடிப்படையாக, "இந்தக் கணத்தில் உந்துவிசை நின்றுபோனால் கலம் எங்கே விழும்?" என்ற கேள்விக்கு விடை ஓயாமல் கணக்கிடப்பட்டுக்கொண்டே இருக்கிறது. விழ 300 வினாடிகள் ஆகும் என்றால், வேகத்தில் வினாடிக்கு 10 மீட்டர் பிழை விழும் இடத்தை 3 கிலோமீட்டர் தள்ளிவிடும். வேகத்தைத் துல்லியமாக அறிய ஏன் இவ்வளவு பாடுபட வேண்டும் என்பதற்கு இதுவே விடை.

ராக்கெட்டிலேயே ஜி.பி.எஸ். போன்ற கருவிகள் இருக்கும்போது ரேடார் எதற்கு?

கலம் தன்னைப் பற்றித் தானே சொல்லும் செய்தி, கலத்தின் கருவிகள் நலமாக இருக்கும்வரைதான் செல்லும். 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியான் 5 ஏவுகலம் முதன்முறையாகப் பறந்தபோது, அதன் நிலையையும் இயக்கத்தையும் உள்ளிருந்தே அளக்கும் நிலைமக் கருவிகள் இரண்டும் ஒரே மென்பொருள் பிழையால் செயலிழந்தன. செயலிழந்த கருவி அனுப்பிய பழுதறிக்கை எண்களைப் பறத்தல் தகவல் என்று எடுத்துக்கொண்ட கணினி, இல்லாத விலகலைத் திருத்த முயன்று கலத்தைத் திருப்பியது. கிளம்பி 40 வினாடிகளுக்குள் கலம் உடைந்து அழிந்தது. அந்தக் கணத்தில் கலத்தின் சொந்தச் சான்று முற்றிலும் தவறானது. வெளியிலிருந்து சுதந்திரமாக அளக்கும் கண் ஒன்று வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு எனக்குத் தெரிந்து இல்லை.

டிரான்ஸ்பாண்டர் பொருத்துகிறார்களே, அப்படியானால் அது எதிரொலி இல்லையே?

சரியான கவனிப்பு. அலை போகும்போதும் விரிகிறது, திரும்பும்போதும் விரிகிறது. எனவே வெறும் உடலிலிருந்து வரும் எதிரொலி, தொலைவு இரண்டு மடங்கானால் பதினாறில் ஒரு பங்காகவும், பத்து மடங்கானால் பத்தாயிரத்தில் ஒரு பங்காகவும் தேய்ந்துவிடுகிறது. கலத்திலுள்ள டிரான்ஸ்பாண்டர், ரேடாரின் துடிப்பைக் கேட்டதும் தன் சொந்த ஆற்றலில் பதில் துடிப்பு அனுப்புகிறது. அப்போது தேய்வு ஒருவழிக்கு மட்டும். தொலைவு இரண்டு மடங்கானால் பதில் நான்கில் ஒரு பங்காகும். பதில் சற்று வேறு அதிர்வெண்ணில் வருவதால் தரை, கடல் அலை, மேகம் ஆகியவற்றின் எதிரொலிகள் அதனுடன் கலப்பதில்லை. கேட்டதற்கும் பதிலுக்கும் இடையிலுள்ள நிலையான தாமதத்தை மட்டும் கழித்துக்கொள்ள வேண்டும். மறந்தால் ஒரு மைக்ரோவினாடிக்கு 150 மீட்டர் பிழை.

பூமிக்குத் திரும்பும் கலத்தைத் தொடர்வது ஏன் கடினம் என்கிறார்கள்?

2007 ஜனவரி 10 அன்று பி.எஸ்.எல்.வி.-சி7-இல் சென்று, ஜனவரி 22 அன்று வங்கக் கடலில் இறங்கிய எஸ்.ஆர்.இ.-1 என்ற, விண்ணிலிருந்து மீட்கப்படும் சோதனைக் கலத்தைப் பார்ப்போம். 100 கிலோமீட்டர் உயரத்தில் வினாடிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் நுழைந்த அது, 5 கிலோமீட்டர் உயரத்துக்கு வந்தபோது வினாடிக்கு 101 மீட்டராகக் குறைந்திருந்தது. பாரசூட்டுகள் விரிந்தபின் 12 மீட்டர் வேகத்தில் கடலைத் தொட்டது. ஒரே பயணத்துக்குள் எத்தனை இயக்க விதிகள்! வெற்றிடத்தில் ஈர்ப்பு மட்டுமே ஆள்கிறது. அங்கே கணிப்பு ஏறக்குறையப் பிழையற்றது. கீழே வரவர, காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 16 கிலோமீட்டருக்கு ஒரு முறை பத்து மடங்காகிறது. கலம் தானாகத் திரும்பவில்லை என்றாலும், காற்று அதை வன்மையாக நிறுத்துவதே வடிகட்டியின் பார்வையில் ஒரு பெரும் போக்கு மாற்றம்தான்.

எவ்வளவு நிறுத்தும் என்பது கலத்தின் நிறை, முன்பரப்பு, காற்றுத்தடை எண் ஆகிய மூன்றின் விகிதத்தைப் பொறுத்தது. அதை முன்கூட்டியே துல்லியமாகச் சொல்ல முடியாது. ஆகவே இடம், வேகம் ஆகியவற்றோடு அந்த விகிதத்தையும் அறியப்படாத ஒன்றாக வைத்து, அளவீடுகளிலிருந்தே வடிகட்டி கற்றுக்கொள்ளுமாறு அமைக்கிறார்கள். இறக்கையோ கோண மாற்றமோ கொண்டு தூக்குவிசையைப் பயன்படுத்தும் கலம் என்றால் அதோடு இன்னும் இரண்டு அறியப்படாதவை சேர்கின்றன.

நெருப்புக் கோளமாக வரும்போது ரேடார் குருடாகிவிடுமா?

கலத்தின் முன் அழுந்திச் சூடாகும் காற்று மின்னணுக்களைப் பிரித்துப் பிளாஸ்மா உறையை உண்டாக்குகிறது. ஒரு கன மீட்டரில் மின்னணுக்களின் எண்ணிக்கை 10-இன் 17-ஆம் அடுக்கை எட்டினால், ஏறக்குறைய 2.8 கிகாஹெர்ட்சுக்குக் கீழான அலைகள் அதை ஊடுருவ முடியாது. எனவே கலத்திலிருந்து வரும் தொலையளவைச் செய்திகள் சில நிமிடங்கள் நின்றுபோகலாம். டிரான்ஸ்பாண்டரும் வாயடைத்துப் போகலாம். உடல் எதிரொலி மட்டும் முற்றிலும் மறைந்துவிடுவதில்லை. ஊடுருவ முடியாத அலை திருப்பி அனுப்பப்படுவதால் பிளாஸ்மாவே உலோகம் போல மின்னக்கூடும். சில அடர்த்திகளில் அலையை விழுங்கி எதிரொலியைக் குறைக்கவும் கூடும். கலத்தின் பின்னால் நீளும் அயனித் தடமும் எதிரொலி தருவதால், அளக்கப்படும் மையம் கலத்துக்குப் பின்னால் இழுபடும் வாய்ப்பும் உண்டு. வேறு வேறு அதிர்வெண்களில் இயங்கும் ரேடார்களை ஒன்றாகப் பயன்படுத்துவதன் காரணம் இது.

மறுபயன்பாட்டுக் கலச் சோதனைக்குக் கப்பலை எதற்காக அனுப்பினார்கள்?

2016 மே 23 அன்று ஆர்.எல்.வி.-டி.டி. கலம் ஏறக்குறைய 65 கிலோமீட்டர் உயரம் சென்று, ஒலியைப் போல் ஐந்து மடங்கு வேகத்தில் மீண்டும் காற்றுமண்டலத்தில் நுழைந்து, சறுக்கிச் சென்று, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சுமார் 450 கிலோமீட்டர் தொலைவில் வங்கக் கடலில் இறங்கியது. முழுப் பயணமும் சுமார் 770 வினாடிகள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்தும் கப்பலில் இருந்த நிலையத்திலிருந்தும் அதைத் தொடர்ந்தார்கள்.

பூமியின் வளைவுதான் காரணம். காற்றில் அலை சற்றே வளைவதையும் சேர்த்துக்கொண்டாலும், மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் கிடைக்கும் கிலோமீட்டர் அளவுக்குத்தான் தரையிலிருந்து தெரியும். 450 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள கலம் ஏறக்குறைய 12 கிலோமீட்டருக்குக் கீழே இறங்கியதும் கரையின் தொடுவானத்துக்குள் மறைந்துவிடும். கடைசிக் கட்டமோ அதற்குக் கீழேதான் நடக்கிறது. தொடுவானத்தை ஒட்டிய சிறு கோணங்களில் இன்னொரு தொல்லையும் உண்டு. கடற்பரப்பில் பட்டு வரும் இரண்டாவது எதிரொலி நேர் எதிரொலியோடு கலந்து, ஆன்டெனாவை மேலும் கீழும் தலையாட்ட வைக்கும்.

பழவேற்காட்டுப் பறவைகள் ரேடாரில் தெரியுமா?

தெரியும். பழவேற்காடு ஏரியையும் கடலையும் பிரிக்கும் தீவில்தான் ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் இருக்கிறது. பூநாரைகள் கூட்டம் கூட்டமாக வரும் இடம் அது. பறவைகளின் வேகம் மிகக் குறைவு என்பதால் டாப்ளர் விலகலைக் கொண்டே அவற்றை எளிதில் ஒதுக்கிவிடலாம். அந்த ஏவுதளத்துக்குப் பெயர் தந்த சதீஷ் தவன், பறவைகள் பறக்கும் விதத்தை ஆழ்ந்து ஆராய்ந்தவர் என்பதை இவ்விடத்தில் நினைவுகூர்வது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி.

அடுக்கு பிரிந்ததும் எது ராக்கெட், எது கழன்ற பகுதி என்று எப்படித் தெரியும்?

பிரிந்த கணத்தில் இரண்டும் ஒரே ஏற்பு எல்லைக்குள் இருக்கும். கழன்ற அடுக்கு பெரியதாக இருந்தால் அதன் எதிரொலியே வலுவாகவும் இருக்கும். ஒற்றைக் கற்றை ரேடார் தவறான ஒன்றைப் பற்றிக்கொண்டு போய்விடும் ஆபத்து உண்மையானது. டிரான்ஸ்பாண்டர் உள்ள பகுதி தன் பதிலால் அடையாளம் காட்டும். இல்லாதவற்றுக்கு, முடுக்கம் தொடர்கிறதா அல்லது எறிபாதையில் விழுகிறதா என்பதைப் பன்மாதிரி முறையே சில வினாடிகளில் காட்டிக்கொடுத்துவிடும்.

பல பொருள்களை ஒரே நேரத்தில் தொடர ஸ்ரீஹரிகோட்டாவில் 4,608 சிறு கதிர்வீச்சு உறுப்புகள் கொண்ட பல்பொருள் தடமறி ரேடார் இருக்கிறது. எல்-பேண்டில் இயங்கும் அது பத்துப் பொருள்களை ஒருசேரத் தொடரும்; 30 சென்டிமீட்டர் சதுரப் பொருளை 800 கிலோமீட்டர் தொலைவிலும், 50 சென்டிமீட்டர் சதுரப் பொருளை 1,000 கிலோமீட்டர் தொலைவிலும் காணும். மின்னணு முறையில் கற்றை திரும்புவதால், தலைக்கு நேர்மேலே கடக்கும் கலத்துக்காகக் கனமான ஆன்டெனா சுழன்று திணற வேண்டியதில்லை. ஆனால் நேரம் பங்கிடப்படுகிறது. பத்துப் பொருள்களில் எது திரும்பிக்கொண்டிருக்கிறதோ அதற்குக் கூடுதல் துடிப்புகள் ஒதுக்க வேண்டும்.

தொலைவு அதிகமானால் எந்தத் துடிப்பின் எதிரொலி எது என்று குழம்பாதா?

குழம்பும். வினாடிக்கு 320 துடிப்புகள் அனுப்பினால், 468 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வரும் எதிரொலி அடுத்த துடிப்பு கிளம்பிய பிறகுதான் வந்து சேரும். ஏவிய கணத்திலிருந்து விடாமல் தொடர்ந்திருந்தால் எத்தனை துடிப்பு பின்தங்கியிருக்கிறது என்பதை ரேடார் எண்ணியே வைத்திருக்கும். எதிரொலி வரும் கணமும் துடிப்பு கிளம்பும் கணமும் மோதவிருந்தால் துடிப்பின் நேரத்தைச் சற்றே தள்ளிவைக்கும். இடையில் தடம் அறுந்து மீண்டும் பிடித்தால்தான் சிக்கல். துடிப்பு இடைவெளியை மாற்றிப் பார்த்து உண்மைத் தொலைவை உறுதிசெய்ய வேண்டும்.

அதிர்வெண் ஏறிச்செல்லும் நீண்ட துடிப்பு வேகமான கலத்தின் தொலைவைத் தவறாகக் காட்டும் என்று படித்தேன். உண்மையா?

உண்மை. சிர்ப் எனப்படும் அத்தகைய துடிப்பில் காலத்துக்குக் காலம் அதிர்வெண் ஏறுகிறது. அதனால் டாப்ளரால் வந்த அதிர்வெண் விலகலையும் தாமதத்தால் வந்த விலகலையும் ரேடாரால் பிரித்தறிய முடிவதில்லை. 5.6 கிகாஹெர்ட்சில், 10 மைக்ரோவினாடி நீளமும் ஒரு மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண் அகலமும் கொண்ட துடிப்புக்கு, வினாடிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் நெருங்கும் கலம் சுமார் 168 மீட்டர் கூடுதலாக நெருங்கிவிட்டது போலத் தோன்றும். சில மீட்டர் துல்லியம் என்று முன்னே சொன்ன தொலைவு அளவீட்டுக்கு இது பெரிய அடி.

ஆனால் அந்தப் பிழை வேகத்துக்கு நேர்விகிதமானது. 168 மீட்டர் என்பது அந்தக் கலம் 0.056 வினாடியில் கடக்கும் தொலைவு. வேகம் எதுவானாலும் இந்த 0.056 மாறாது. எனவே ரேடார் தவறாக அளக்கிறது என்பதைவிட, கலம் 0.056 வினாடிக்குப் பின் இருக்கப்போகும் தொலைவை இப்போதே அளக்கிறது என்று கொள்வதே பொருத்தம். அளவீட்டின் நேரமுத்திரையில் அந்த 0.056 வினாடியைக் கூட்டி வடிகட்டிக்குக் கொடுத்தால் பிழை ஏறக்குறைய மறைந்துவிடும். கலம் அந்த 0.056 வினாடிக்குள் தன் வேகத்தை மாற்றினால் மட்டும் சிறு மிச்சம் நிற்கும். மூன்று மடங்கு புவியீர்ப்பு முடுக்கத்தில்கூட அந்த மிச்சம் 5 சென்டிமீட்டருக்கும் குறைவு.